இயற்கை மூலையின் பணிப்பாளர்

எங்கள் பாடசாலையில் எனக்கு இரண்டு பதவிகள். ஒன்று சம்பளம் தருகிற தமிழ் ஆசிரியர் பதவி. மற்றது தலைக்கனம் தருகிற பதவி: இயற்கை மூலையின் பணிப்பாளர். இரண்டாவதை யாரும் தரவில்லை, நானே எனக்குச் சூட்டிக்கொண்டது. சுற்றாடல் முன்னோடிக் குழுவுக்குப் பொறுப்பாக ஓர் ஆசிரியர் வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டபோது, அனுபவசாலிகள் எல்லாரும் குனிந்து கொப்பியைப் பார்த்தார்கள். நான் மட்டும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். நமுனுகுலை மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே பார்க்கிறவன் இயற்கையில் ஈடுபாடு உள்ளவனாகத்தான் இருப்பான் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. உண்மையில் பதுளை பஸ் வருகிறதா என்றுதான் பார்த்தேன்.

மூலை என்றால் மூலையேதான். விஞ்ஞான அறையின் பின்பக்கத்தில், ஒரு கதவுக்குக் கண்ணாடி இல்லாத அலுமாரி. மேல் தட்டில் பிபிலைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் கொண்டுவந்த தூக்கணாங்குருவிக் கூடு. அடுத்ததில் முள்ளம்பன்றி முள், பாம்புச் சட்டை, யாரோ சாயம் பூசிவிட்ட நத்தை ஓடு. அடித்தட்டில் ஒரு போத்தல். அதற்குள் ஸ்பிரிட்டில் ஏதோ ஒன்று பல காலமாகச் சுருண்டு கிடக்கிறது. லேபிள் அழிந்துவிட்டது. பிள்ளைகள் கேட்டால் "பல்லி இனம்" என்பேன். கால் இருக்கிறதா என்று எவரும் இதுவரை எண்ணிப் பார்க்கவில்லை, பணிப்பாளர் உட்பட.

பணிப்பாளர் என்று ஆகிவிட்டால் சுவரில் மாட்ட ஒரு பெரியவர் வேண்டும். சிலர் டார்வினை மாட்டுவார்கள், சிலர் சலீம் அலியை. நான் ஹென்றியை மாட்டினேன். அவருடைய படம் கிடைக்காததால் புத்தகத்தின் அட்டையைப் போட்டோகொப்பி எடுத்து ஒட்டினேன். மையை அள்ளிக் கொட்டும் மெஷின் போலிருக்கிறது. பேர் மட்டும் தப்பியது, மிச்சமெல்லாம் இருட்டு.

ஜோர்ஜ் மொரிசன் ரீட் ஹென்றி 1891இல் கந்தப்பளையில், ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தார். அப்பா அந்தத் தோட்டத்தைப் பார்த்த தொரை. வீடு நிறையப் பிள்ளைகள். ஹென்றி பள்ளிக்கூடம் என்று எங்கும் போய்ப் படித்தவரல்ல, அக்காமார் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்ததுதான் படிப்பு. பதினாறு வயதில், மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிப் பார்களைக் குத்தகைக்கு எடுத்திருந்த கம்பெனியின் ஆய்வுகூடத்தில் உதவியாளராகவும் படம் வரைகிறவராகவும் சேர்ந்தார். கம்பெனி எதிர்பார்த்த முத்து கிடைக்கவில்லை. 1910இல் கொழும்பு நூதனசாலைக்கு வரைபடக்காரராக வந்துவிட்டார். 1877இல் திறந்த அந்த நூதனசாலைதான் அன்றைக்கு இந்தத் தீவின் பறவை, பூச்சி, பாம்பு, மீன் எல்லாவற்றுக்குமான தலைமையகம். 1913இல் பூச்சியியல் பிரிவில் உதவியாளரானார். பட்டமில்லாத மனிதர் 1946இல் ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார்.

சம்பளத்துக்குப் பூச்சி, அதிலும் வெட்டுக்கிளி இனங்கள். ஆசைக்குப் பறவை. 1927இலிருந்து 1935 வரை நான்கு பாகமாக வெளிவந்த இலங்கைப் பறவைகளின் வண்ணப்படத் தொகுதி அவர் கையால் வரைந்தது. 1955இல் ஒக்ஸ்போர்ட் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் வழிகாட்டிதான் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. எழுத்தும் அவர், படமும் அவர். அதன்பின் இரண்டு தலைமுறை, இந்த நாட்டில் பறவை பார்த்தவர்கள் பைக்குள் ஹென்றியை வைத்துக்கொண்டுதான் பார்த்தார்கள். மகன் டேவிட்டும் இலங்கையில் பிறந்து, பறவை ஓவியராகப் பேர் எடுத்தவர். ஹென்றி 1983இல் இங்கிலாந்தில் காலமானார். முத்திலிருந்து ஓவியத்துக்கு வந்த கதையை அவர் எழுதிவைத்திருந்தது 2000இல்தான் புத்தகமாக வந்தது.

இதையெல்லாம் ஒருநாள் அப்பாவிடம் ஆர்வமாகச் சொன்னேன். அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தொரை பங்களாவுல இருந்து பார்த்தா குருவி தெரியும். லயத்துல இருந்து பார்த்தா தொரைதான் தெரிவாரு."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஹென்றி பிறந்த அதே ஆண்டு அதே கந்தப்பளையில் லயத்திலும் பிள்ளைகள் பிறந்திருப்பார்கள். அவர்களுடைய அப்பா அம்மா செக்ரோலில் ஒரு வரியாக இருந்தார்கள். பிள்ளையும் வளர்ந்து ஒரு வரியானது. ஹென்றி ஓய்வு பெற்று இங்கிலாந்துக்குப் போன கொஞ்சக் காலத்தில், 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நாட்டைவிட்டுப் போனவர் அங்கே ஒரு நாட்டுக்காரராக இருந்தார். எங்கும் போகாமல் மலையிலேயே கிடந்தவர்கள் நாடற்றவர்களானார்கள். அப்படியிருந்தும் ஏன் ஒரு தொரை மகனை அலுமாரிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்? அவர் புத்தகத்தைத் திறந்தால், எங்கள் மலையில் தினமும் பார்த்தும் பார்க்காத ஒவ்வொன்றும் அதில் நடக்கிறது, நின்று திரும்பிப் பார்க்கிறது, வாலைத் தூக்குகிறது. ஆங்கிலப் பேருக்குக் கீழே சிங்களப் பேரும் தமிழ்ப் பேரும், கிடைத்த அளவுக்குக் கொடுத்திருக்கிறார். யாரோ ஒரு தமிழ் ஆள் அவருக்கு அந்தப் பேர்களைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆளின் பேர் இல்லை. அப்பாவிடம் இதையும் சொல்லலாமென்று வாயெடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன். அவருடைய கட்சிக்குத்தான் அது இன்னொரு சாட்சி.

என்னிடம் இருப்பது மருதானையில் பழைய புத்தகக் கடையொன்றில் பேரம் பேசி வாங்கிய பிரதி. பசறையின் ஈரத்தில் அதற்குப் பூஞ்சணம் பிடித்தது. பிறகு பூச்சி பிடித்தது. மரங்கொத்திப் பக்கங்களில் வரிசையாக ஓட்டைகள். பூச்சியியல்காரர் எழுதிய புத்தகத்தை எந்தப் பூச்சி தின்கிறது என்று கண்டுபிடித்தால் ஒரு கட்டுரைக்கு ஆகுமே என்று உருப்பெருக்கிக் கண்ணாடியோடு உட்கார்ந்தேன். வெள்ளிபோல் மின்னி ஏதோ ஓடியது. "இராமபாணம்" என்று அறிவித்தேன். விஞ்ஞான ஆசிரியை எட்டிப் பார்த்து, இராமபாணம் ஓட்டை போடாது, மேலாகச் சுரண்டித்தான் தின்னும், ஓட்டை போடுவது வண்டுப் புழு என்றார். கட்டுரை அத்தோடு நின்றது. தின்றது எதுவாயினும் அது இன்னும் தின்றுகொண்டுதான் இருக்கிறது.

அடுத்தது பைனாகுலர். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் விட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கழுத்தில் மாட்டி, ஹென்றியைக் கக்கத்தில் வைத்து, தேயிலை மலைக்கு ஏறினேன். அன்றைக்குக் கைக்காசு வேலை, மலை நிறையப் பெண்கள். கொழுந்து நிரைக்கு மேலே சவுக்கு மரத்தில் ஏதோ பச்சையாக அசைந்தது. பைனாகுலரைத் தூக்கினேன். கீழே பேச்சு நின்றது. எடுத்த கைகள் எல்லாம் திடீரென்று இரண்டு இலை ஒரு மொட்டு என்று சட்டப்படி எடுக்கத் தொடங்கின. கங்காணி ஓடி வந்தார்.

"என்னாங்க, கம்பெனியில இருந்தா வந்திருக்கீங்க?"

நான் பைனாகுலரை இறக்கினேன். அவருக்கு உயிர் வந்தது.

"அட, நம்ம சேரு! என்னாங்க சேர், மலைய அளக்க விட்டுருக்காங்களா?"

குருவி பார்க்க வந்தேன் என்றேன். நிரையில் நின்ற ஒரு அக்கா, தலைக்கயிற்றைச் சரிசெய்துகொண்டே, "குருவியப் பார்க்க இம்புட்டுப் பெரிய சாமானா? அது பாட்டுக்கு இந்தா இருக்கே!" என்று தன் பக்கத்து வங்கியைக் காட்டினாள். நான் தூக்கிப் பிடித்து, கண்ணுக்குப் பொருத்தி, திருகித் தெளிவாக்கியபோது அங்கே வெறும் வங்கிதான் இருந்தது. பிறகும் மலைக்குப் போயிருக்கிறேன். பைனாகுலரை உமல் பைக்குள் போட்டுக்கொண்டு போவேன். உமல் பையோடு மலையில் திரிகிறவனைப் பார்த்தால் கொழுந்து திருட வந்தவன் என்று நினைப்பார்கள் என்பது அதன்பிறகு தெரிந்துகொண்டது.

ஹென்றி வரைந்துதான் பறவையைக் கற்றார், நாமும் வரைவோம் என்று ஒரு தவணை முடிவெடுத்தேன். பாடசாலை விறாந்தையில் மின்சார மீட்டர் பெட்டிக்கு மேலே ஒரு கொண்டைக் குருவி கூடு கட்டியிருந்தது. வீட்டுக்குள்ளே, விளக்கு மூடிக்குள்ளே என்று மனுசர் நடமாடுகிற இடத்தில் துணிந்து கட்டுகிற பறவை அது. பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, கரும்பலகையில் வண்ணச் சோக்கால் வரைந்தேன். தலை கறுப்பு, சிறு கொண்டை. உடம்பு மண்ணிறம், ஒவ்வொரு இறகுக்கும் வெளிறிய விளிம்பு. நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. கன்னத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன், அழகாக இருந்தது.

ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கையைத் தூக்கியது. "சேர், செவப்பு கீழதானே?"

"எங்கே கீழ?"

பிள்ளை வெட்கத்தில் நெளிந்தது. அந்த நேரம் பறவை கூட்டிலிருந்து எழும்பி எங்கள் தலைக்கு மேலே வளைக்கம்பியில் போய் உட்கார்ந்து, வாலைத் தூக்கி, சிவப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பாடசாலை முழுவதற்கும் காட்டியது. கன்னத்தில் சிவப்பு உள்ள கொண்டைக் குருவி இந்தியாவில் உண்டு, நான் ஏதோ நாட்காட்டியில் பார்த்தது. அத்தனை வருடம் தினமும் என் மேசைக்கு நேரே இருந்த பறவையைப் பார்க்காமல், நாட்காட்டியைப் பார்த்து வரைந்திருக்கிறேன். வரைந்தால்தான் இது வெளிச்சமாகும். பேசினால் யாருக்கும் தெரியாது. அதனாலேயே அதற்குப் பிறகு நான் வரைவதில்லை, பேசுவதோடு சரி.

தேவாங்கு விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1937இல் நோல்தேனியஸ் என்ற தேயிலைத் தோட்டக்காரர் ஹோட்டன் சமவெளியில் ஒரு தேவாங்கைக் கண்டார். குளிருக்கேற்ற அடர்ந்த ரோமமுள்ள அந்த மலைத் தேவாங்கு பிறகு மிக அபூர்வமாகத்தான் யார் கண்ணிலும் பட்டது. அதன் முதல் போட்டோவே 2010 அளவில்தான் உலகத்துக்கு வந்தது. பிலிப்ஸ் என்ற இன்னொரு தோட்டக்காரர் 1935இலேயே இலங்கையின் பாலூட்டிகள் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். தோட்டத் தொரைமார் எல்லாம் இப்படிப் பேர் வாங்கியிருக்கும்போது தோட்டத்துப் பையன் ஒருவன் வாங்கக்கூடாதா என்ற ரோசத்தில், முன்னோடிக் குழுப் பிள்ளைகளையும் பெற்றோர் இருவரையும் கூட்டிக்கொண்டு ஒரு ராத்திரி டோர்ச் லைட்டோடு ஆற்றோரம் போனேன். முருங்கை மரக் கொப்பில் இரண்டு கண்கள் பளிச்சென்று எரிந்தன. மூச்சை அடக்கி, "அசையாதீங்க, தேவாங்கு" என்றேன். தேவாங்கு "மியாவ்" என்றது. கோயில் பூசாரி வீட்டுப் பூனை. பெற்றோரில் ஒருவர் பெருந்தன்மையானவர், "இருட்டுல எல்லாம் ஒண்ணுதானுங்க சேர்" என்றார்.

இவை சில்லறைத் தோல்விகள். சிரித்துவிட்டுப் போகலாம். மொத்தத் தோல்வி ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் கையை நீட்டி, "சேர், அது என்ன குருவி?" என்று கேட்டால் எனக்கு ஒருநாளும் பதில் இல்லாமல் போனதில்லை. ஒரு தடவைகூட இல்லை. தெரிந்தால் தெரிந்த பேர். தெரியாவிட்டால் நிறத்தோடு "சிட்டு" சேர்த்தால் ஒரு பேர், இடத்தோடு "குருவி" சேர்த்தால் இன்னொரு பேர். நீலச்சிட்டு, கான் குருவி, மலைக் குருவி, சவுக்குச் சிட்டு. ஒரே பறவைக்கு ஆறாம் வகுப்பில் ஒரு பேரும் எட்டாம் வகுப்பில் வேறு பேரும் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் இரண்டையும் எழுதிப் படித்தார்கள். பரீட்சைக்கு வராததால் யாருக்கும் நட்டமில்லை என்று நினைத்திருந்தேன்.

எல்லவில் இப்போது என் பழைய மாணவன் ஒருவன் வழிகாட்டியாக இருக்கிறான். ஒன்பது வளைவுப் பாலம், லிட்டில் அடம்ஸ் பீக் என்று வெள்ளைக்காரர்களைக் கூட்டிப்போவான். தேயிலைக்குள் நடக்கும் பாதையில், செடி உச்சியிலும் கம்பத்திலும் சின்னக் கறுப்புக் குருவி ஒன்று உட்கார்ந்திருக்கும். செட்டையில் ஒரு வெள்ளைக் கோடு, பறந்தால் முதுகின் அடியில் வெள்ளை. பெட்டை மண்ணிறம். இங்கே மலைநாட்டில் மட்டும் வாழ்கிற புதர்ச்சிட்டு. அவன் ஏழாம் வகுப்பில் கேட்டபோது அது குண்டுக்கரிச்சானின் குஞ்சு என்று சொல்லியிருக்கிறேன். இரண்டும் கறுப்பு வெள்ளை, இது சின்னது. சின்னதென்றால் குஞ்சு. தர்க்கத்தில் பிழையில்லை.

அவன் அதை நம்பினான். அதுதான் சோகம். எத்தனையோ நாட்டுக்காரர்களுக்கு அதைக் காட்டி, குண்டுக்கரிச்சான் குஞ்சு என்று ஆங்கிலத்தில் அழகாகச் சொல்லியிருக்கிறான். ஒருநாள் வயதான ஒரு தம்பதி. கழுத்தில் நல்ல பைனாகுலர். கேட்டுவிட்டுப் புன்னகை செய்து, போனில் மெர்லின் செயலியைத் திறந்து, பாடுகிற பறவைப் பக்கம் நீட்டினார்கள். பேர், படம், ஆண், பெண் எல்லாம் வந்தது. குஞ்சு அல்ல, வளர்ந்த ஆண். பாடிப் பெட்டையைக் கூப்பிடுகிற வயசு. அத்தனை வருடமாக ஒரு குடும்பஸ்தனைக் குஞ்சு என்று உலகத்துக்கு அறிமுகப்படுத்தியிருக்கிறோம்.

அன்று மாலை அவன் போன் எடுத்தான். மரியாதையான பிள்ளை. என்னைத் திருத்தவில்லை. "சேர் சொன்னது பழைய பேராக்கும், இப்ப மாத்தீட்டாங்க போல" என்றான். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஆமாம் தம்பி, ஹென்றி காலத்தில் சிலோன் அறெங்கா என்று சொன்னதைக்கூட இப்போது ஸ்ரீலங்கா விசிலிங் திரஷ் என்கிறார்கள், நாடே பேர் மாறினால் குருவி மாறாதா, என்று ஒரு விரிவுரை நடத்தினேன். சொன்னதில் ஒவ்வொரு தகவலும் சரி. மொத்தமும் பொய்.

ஏன் இந்த வாய் "தெரியாது" என்று சொல்ல இவ்வளவு அடம்பிடிக்கிறது? அந்த ராத்திரி அதை யோசித்தேன், எனக்கு வசதியான பதில் ஒன்றும் கிடைத்தது. ஆபீஸ் வாசலில் தொரைக்கு முன்னால் நின்ற எங்கள் தாத்தாமாரின் வாயில் அதிகம் வந்த பேச்சு அதுதான். கொழுந்து ஏன் குறைஞ்சிச்சு? தெரியாதுங்க. சவுக்கு மரத்தை வெட்டினது யாரு? தெரியாதுங்க. நேத்து ராத்திரி தலைவர் வீட்டுல என்ன கூட்டம்? தெரியாதுங்க. எல்லாம் தெரிந்துகொண்டு சொன்ன தெரியாது. ஒருவரையொருவர் காப்பாற்றச் சொன்னது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இந்தச் சனத்துக்கு ஒன்றும் தெரியாது என்பது தோட்டம் தோட்டமாக நிலைத்துவிட்டது. அப்பா என்னைப் படிக்க அனுப்பியதே அந்த வாசலில் நின்று அதைச் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான். அப்படிப் படித்து, வாத்தியாராகி, லயத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கும்போது, ஒரு குருவி வந்து உட்கார்ந்து என்னைத் திரும்ப ஆபீஸ் வாசலுக்குக் கொண்டுபோனால் சும்மா இருப்பேனா? ஒரு பேரைச் சொல்லித்தான் தப்புவேன். ஹென்றிக்கு என்ன, தொரை வீட்டுப் பிள்ளை. தெரியாது என்றால் அடக்கம் என்பார்கள். நாங்கள் சொன்னால் மட்டி என்பார்கள்.

நல்ல பதில். ஒரு கருத்தரங்கில் வாசிக்கலாம். அதைக் கெடுத்தது ஓர் ஆந்தை.

ஹென்றியின் புத்தகத்தைத் திருத்தி மூன்றாம் பதிப்பாக 1998இல் கொண்டுவந்தவர்கள் மூவர்: திலோ ஹொஃப்மன், தீபால் வரக்காகொட, உபாலி ஏக்கநாயக்க. ஹொஃப்மன் சுவிஸ்காரர். 1946இல், ஹென்றி ஓய்வு பெற்ற அதே ஆண்டில், தோட்டங்களுக்கு உரம் விற்கும் பௌர் கம்பெனிக்கு விவசாய நிபுணராக வந்து, பிறகு அதன் தலைமைக்கே உயர்ந்தவர். உரம் விற்றவர் காட்டைக் காத்தவர் என்று பேர் வாங்கினார். 1970களின் தொடக்கத்தில் சிங்கராஜ வனத்தை ஒட்டுப்பலகைக்காக மெஷின் வைத்து வெட்டத் தொடங்கியபோது, வனசீவராசிகள் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவராக இருந்து, எழுதியும் வாதாடியும் விடாமல் எதிர்த்தவர் அவர். 1977இல் வெட்டு நின்றது. 1988இல் சிங்கராஜ உலக மரபுரிமை ஆனது. இலங்கைப் பறவையியல் கழகத்தையும் பல காலம் நடத்தினார். 2014இல் காலமானார். மூலைக்கெல்லாம் பணிப்பாளர் என்று சொல்லிக்கொள்ளும் நான் இந்த இடத்தில் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன்.

வரக்காகொடவின் கதைதான் என்னைக் கவிழ்த்தது. பறவைக் குரல்களைப் பதிவு செய்வதில் இந்த நாட்டில் பேர்போனவர். 1995இல் கித்துல்கலைக் காட்டில் ஓர் இரவுக் குரலைக் கேட்கிறார். குறுகிய, மெல்லிய ஒரு கூவல். இந்த நாட்டு ஆந்தைக் குரல் எல்லாம் காதில் உள்ளவர் அவர், அதில் எதுவும் இது இல்லை. நானாக இருந்தால் அந்த இடத்திலேயே ஏதாவது ஒரு ஆந்தையின் குஞ்சு என்று சொல்லி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பேன். அவர் பேர் வைக்கவில்லை. 1998இல் ஹென்றியின் புத்தகம் அவர் கையால் திருத்தப்பட்டு வருகிறது. அதில் இல்லாத ஒரு குரல் காட்டில் இருப்பது அவருக்குத் தெரியும், அது எதன் குரல் என்பது தெரியாது. 2001 சனவரியில் சிங்கராஜவில் அதைக் கண்ணால் கண்டார். செம்மண் நிறத்தில், காதுக் குஞ்சம் இல்லாத, கைக்குள் அடங்கும் சின்ன ஆந்தை. உலகத்தில் யாரும் பதியாதது. 2004இல் பமெலா ராஸ்முசனோடு சேர்ந்து அதை விஞ்ஞானத்துக்கு விவரித்தார். நூறு வருடத்துக்கு மேலான இடைவெளிக்குப் பிறகு இலங்கையில் கிடைத்த புதிய பறவை இனம் அது. விஞ்ஞானப் பேரில் திலோ ஹொஃப்மன் இருக்கிறார்: ஓடஸ் திலோஹொஃப்மனி.

ஐந்து வருடத்துக்கு மேல் "தெரியாது" என்பதை ஒரு மனிதர் சுமந்துகொண்டு காடு காடாக ஏறி இறங்கியிருக்கிறார். அவர் தொரை மகன் அல்ல. அவசரப்பட்டு ஒரு பேரைச் சொல்லியிருந்தால் அந்த ஆந்தை இன்னும் இருட்டுக்குள் பேரில்லாமல் கத்திக்கொண்டிருக்கும். என் தாத்தாவின் தெரியாதுவும் இவருடைய தெரியாதுவும் ஒன்றல்ல என்பது எனக்கும் விளங்குகிறது. தாத்தா சொன்னதற்கு அவரிடம் காரணம் இருந்தது. நான் சொல்லாததற்கு என்னிடம் இருப்பது வீம்பு மட்டும்தான். அதைத் தாத்தா தலையில் கட்டப் பார்த்தேன்.

ஆகவே மனந்திருந்தினேன். திருந்தியதற்கு அடையாளமாக அலுமாரிக்குள் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்து, அட்டையில் "தெரியாதவை" என்று எழுதினேன். பேர் எழுதக்கூடாது, பார்த்ததை மட்டும் எழுத வேண்டும் என்பது விதி. பிள்ளைகள் எழுதினார்கள். "பீலித் தண்ணி ஓடுற கானுக்குள்ள நடந்துச்சு. நிக்கும்போதும் வால் நிக்கல. அடிவயிறு மஞ்சள். போன மாசம் இல்ல." வடக்கிலிருந்து பருவத்துக்கு வருகிற சாம்பல் வாலாட்டிக்கு இதைவிடத் துப்பு வேண்டியதில்லை. நான் பல வருடம் அதற்குக் கான் குருவி என்று பேர் வைத்து வாயை மூடியிருக்கிறேன். இன்னொரு பிள்ளை எழுதியது: "சத்தம் மட்டும். குட்ரூ குட்ரூன்னு. ஒரு தொங்கல்ல இருந்து கத்தினா அடுத்த தொங்கல்ல இருந்தும் கத்துது. ஆளைக் காணோம்." மஞ்சள் நெற்றிக் குக்குறுவான் என்பது என் கணிப்பு. கணிப்பு என்றுதான் பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். அந்தச் சொல்லை எழுதுவதற்குள் வியர்த்துவிட்டது.

கொப்பி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் குழுவில் துடுக்கான பிள்ளை ஒன்று உண்டு. ஒருநாள் திறந்து பார்க்கிறேன், புதுப் பதிவு: "அடித்தட்டுப் போத்தல்ல உள்ளது. கால் இல்லை. நான் எண்ணிப் பார்த்தேன். சேர் பல்லி என்று சொல்கிறார்." கீழே வேறு கையெழுத்தில்: "சேருக்கும் தெரியாது." அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கிழிக்கவில்லை. போத்தலைத்தான் அலுமாரிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

போன மாதம் வெளியிலிருந்து ஒரு விருந்தினர் பாடசாலைக்கு வந்தார். அதிபர் பெருமையாக மூலைக்குக் கூட்டிவந்து, "இவர்தான் நம்ம பணிப்பாளர்" என்று அறிமுகப்படுத்தினார். விருந்தினர் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, நல்ல முயற்சி, தெரியாததைத் தெரியாது என்று எழுதப் பழக்குவது பெரிய விசயம் என்று முதுகில் தட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே சவுக்கு மரத்தில் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. சாம்பல் நிறமா, நீலமா என்றுகூடச் சொல்ல முடியாத தூரம். விருந்தினர் கையை நீட்டி, "அது என்ன பறவை சேர்?" என்று கேட்டார். பக்கத்தில் முன்னோடிக் குழு முழுதாக நிற்கிறது. துடுக்குப் பிள்ளை கொப்பியையும் பேனாவையும் ஆயத்தமாக வைத்திருக்கிறது. சொல்ல வேண்டிய பேச்சு நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

ஒரு பேரைச் சொன்னேன். கூடவே விஞ்ஞானப் பேர் மாதிரி ஒன்றையும் சொன்னேன். விருந்தினர் அசந்துபோய்க் குறித்துக்கொண்டார். அந்தப் பேர்களை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எல்லவிலிருந்து போன் வரும், அவனுக்கு இந்த முறையும் சொல்ல ஒரு பேர்மாற்றக் கதை என் கைவசம் இல்லை.